சிவப்பு லேபிள் இல்லாத பெட்டி

1996, யுகாதிக்கு மறுவாரம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மரச்சாமான் பாலிஷ் விற்கும் கடையில் வெளியூருக்குச் சரக்கு அனுப்புவது என் வேலை. பாலிஷில் கலக்கும் தின்னர் டின்களை அனுப்ப விதிகள் இருந்தன. மூடியை இறுக்கி, கசிந்தால் உறிஞ்சும்படி சுற்றிலும் மரத்தூள் திணித்து, தீப்பிடிக்கும் பொருள் என்று பெட்டியின்மேல் சிவப்பு லேபிள் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்தால் சாதாரணப் பார்சல் லாரியில் ஏற்ற மாட்டார்கள். சேலத்து வாடிக்கையாளரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு லேபிளை மட்டும் ஒட்டாமல் விட்டேன்.

கலாசிபாளையம் லாரி ஸ்டாண்டில் டிரைவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்ளோ பந்தோபஸ்தா கட்டியிருக்கீங்க, கண்ணாடி சாமானா சார்?"

நான் தலையாட்டினேன்.

"பின்னாடி போட்டா பசங்க ஒடச்சிடுவானுங்க. என் பக்கத்துலயே இருக்கட்டும்."

கேபினுக்குள், இன்ஜின் மூடியை ஒட்டிப் பெட்டியை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு பீடியைப் பற்றவைத்தார். நான் அத்தனை கவனமாகக் கட்டியதே அவரை ஏமாற்றியிருந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அண்ணா, அது கண்ணாடி இல்ல, தின்னர். மொதல்ல பீடிய அணைங்க."

எச்சில் தொட்ட விரல்களால் பீடியை நசுக்கினார். பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி என்னிடம் இறக்கினார்.

"டின்னு பத்திரமா போய்ச் சேரணும்னு எவ்ளோ அக்கறை சார் உங்களுக்கு."

பெட்டியோடு ஆட்டோவில் ஏறவும் மனம் வரவில்லை. ஆஸ்டின் டவுன் வரை தூக்கிக்கொண்டே நடந்தேன்.