முறைத் தண்ணீரும் இருபத்தியொரு முகங்களும்

எங்கள் பாசனச் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. எடுத்த எடுப்பில் நாதஸ்வரம் கத்தும். நான் தேனியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சத்தத்தை அடக்குவதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு தாமரை மெதுவாக விரியும். விரிந்து முடித்ததும் அதற்குள்ளிருந்து கும்பிட்ட கையோடு தலைவர் வருவார். அவர் போனால் துணைத்தலைவர், அப்புறம் பொருளாளர், அப்புறம் கௌரவ ஆலோசகர்கள் என்று மொத்தம் இருபத்தியொரு முகம். வந்து போனதும் எல்லாம் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் எழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் வாய்க்கால் தண்ணீரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அந்தத் தளம் இருப்பதே தண்ணீருக்காகத்தான். சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. அண்ணன் பார்க்கிறார். கிணறு கிடையாது, வாய்க்காலை நம்பித்தான் விவசாயம், அதுவும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. தண்ணீர் குறைகிற காலத்தில் சங்கம் முறை வைத்து விடும்: இந்த மடைக்கு இன்ன நாள், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை. நம் முறையைத் தவறவிட்டால் விட்டதுதான், அடுத்த சுற்று வர பத்து நாளாகும். அண்ணன் கையில் இருப்பது பட்டன் போன். அதனால் நான் தேனியில் உட்கார்ந்து பார்த்து அவருக்குப் போனில் சொல்வேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் என் கண் வழியாகத்தான் போனது என்று சொல்லலாம்.

முன்பு அதே தளம் வேறு மாதிரி இருந்தது. ஒரே பக்கம், வெள்ளைத் தாள் போல. மேலே பெரிய எழுத்தில் இன்றைக்கு எந்த மடை, எத்தனை மணி. அதற்குக் கீழே நாளைக்கு எந்த மடை. முறையில் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் உச்சியில் ஒரு சிவப்பு வரி இருக்கும். மாற்றம் இல்லாத நாளில் சிவப்பே கண்ணில் படாது. அடியில் 'காலை ஆறு மணிக்கு எழுதியது' என்று இருக்கும், நம்பலாமா கூடாதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டினாலும் சட்டென்று திறந்துவிடும்.

அதைச் செய்தவர் சங்கத்து எழுத்தர். கம்பத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவர். எழுத்து ஏன் இவ்வளவு பெரிசு என்று ஒருமுறை கேட்டேன்.

"வரப்புல நிக்கிறவக ஒரு கையில மம்பட்டி வச்சிருப்பாக. இன்னொரு கைக்குத்தான் போனு. மூக்குக் கண்ணாடி வீட்ல கெடக்கும். அப்படித்தான பாக்க வருவாக?" என்றார்.

நல்ல வடிவமைப்பு என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது. யார் பார்க்க வருகிறார்கள், எந்த நிலையில் நின்று பார்க்கிறார்கள் என்று யோசித்துவிட்டு அந்த மனுஷர் ஒதுங்கிக்கொண்டார். அவர் பெயர்கூட அதில் இல்லை. ஆனால் அவர் அதில் இருந்தார். 'மூணாவது மடைக்கிட்ட பாம்பு கெடக்கு, பாத்து எறங்குங்க' என்று ஒரு நாள் எழுதியிருந்தார். 'இன்னைக்கு நல்ல மழை, யாரும் வர வேண்டாம், படுத்துத் தூங்குங்க' என்று இன்னொரு நாள். அந்த வரியைப் படித்து அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். எத்தனையோ பளபளப்பான தளங்களில் துணி வாங்கியிருக்கிறேன், டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இது மட்டும் கண்ணை மூடினால் தெரிகிறது.

போன வருஷம் சங்கத்துக்குப் புது நிர்வாகம் வந்தது. தளம் 'வெறுங்கழுத்தா' இருக்கிறதாம். எங்கள் பள்ளத்தாக்கில் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தாலும் மாமன், மச்சான், மாமனின் மச்சான் என்று ஒரு தலை விடாமல் போட வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால் மொய் எழுத வரமாட்டார்கள். அந்தப் புத்தியோடு தேனியில் ஒரு கடையில் கொடுத்துச் செய்து வாங்கி வந்தார்கள். ஃபிளெக்ஸை மடித்து கம்ப்யூட்டருக்குள் திணித்தது போல இருந்தது. தங்க பார்டர், பறக்கும் புறா, சுருளி அருவியின் படம், அருவிக்கு மேல் தலைவரின் தலை. எழுத்தர் வேலையை விட்டுவிட்டார்.

நெல் பால் பிடிக்கிற நேரம். அந்த வாரம் தண்ணீர் கிடைத்தால் மணி திரளும், இல்லையென்றால் சாவிதான், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் உமி. செவ்வாய்க்கிழமை தளத்தைத் திறந்து, நாதஸ்வரத்தை அடக்கி, முகங்களைத் தள்ளித் தள்ளிக் கீழே போய் அட்டவணையைப் பிடித்தேன். கடைமடைக்கு வியாழன் காலை பத்து மணி என்று இருந்தது. அண்ணனுக்குச் சொன்னேன்.

"சரி ஆத்தா, அப்பன்னா புதங்கெழம கம்பத்துக்குப் போயி ஒரம் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார். தங்கச்சி என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"ஆத்தா, ஒரு மணி நேரமா நிக்கிறேன். இங்கன பொட்டுத் தண்ணி வரல. பக்கத்து வயல்ல எல்லாம் நனைஞ்சு கெடக்கு. நேத்தே விட்டுட்டாகளாம்."

பக்கத்து வயல்காரர்கள் பேரிலும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் படித்த தங்கச்சி இருக்கிறாள், பார்த்துச் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். தலைவருக்குப் போன் போட்டேன்.

"மதகு வேலை இருந்துச்சு, ஒரு நாள் முன்னாடி விட்டாச்சும்மா. அதான் வெப்சைட்டுல ஓடுதே, பாக்கலையா? ஒங்க படத்துக்குக் கீழதான ஓடுது."

திறந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சளில் தங்க எழுத்து. பொங்கல் வாழ்த்து, தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் ஊர்ந்து போன பிறகு, எங்கள் முறை புதன்கிழமைக்கு மாறிய செய்தி தலைகாட்டிவிட்டுப் போனது. அதற்கு மேலே பட்டுச்சேலையில் கும்பிட்ட கையோடு நான் நின்றேன். 'மகளிர் பிரதிநிதி.'

இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த இருபத்தியொன்றில் ஒன்று என்னுடையது. படம் கேட்டார்கள், ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக் கொடுத்தேன். முதலில் என்னைக் கடைசி வரிசையில், பொருளாளரின் மைத்துனருக்கும் கீழே போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் நான்; வாய்க்கால் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருத்தன் எனக்கு மேலேயா என்று வயிறு எரிந்தது. தேனியில் அந்தக் கடைக்கு நானே போனேன்.

"மேடம், ஒங்க படத்த மேல ஏத்துனா அந்த செவப்பு வரிக்கு எடம் இருக்காது. அத படத்துக்கு அடியில ஓட விட்டுரலாமா?" என்று கடைக்காரர் கேட்டார். அவராவது கேட்டார்.

"ஓடட்டும்" என்றேன். பக்கம் மாறி வந்த அன்றைக்கு அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்டினேன். மற்ற இருபது பேரை எவ்வளவு அருவருப்போடு பேசினாலும் அது என்னையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு என் மேலேயே வாந்தி வருகிறது.

அடுத்த முறை வந்தபோது காலம் கடந்துவிட்டது. அறுப்புக்கு முந்தின ஞாயிறு ஊருக்குப் போனேன். மேட்டுப் பாத்திகளில் கதிர் நிமிர்ந்து நின்றது. நிறைந்த கதிர் தலை சாயும், இது சாயவில்லை. அண்ணன் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. படம் மேலே ஏறிய கதையை அங்கேயே சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துப் போனேன்.

"அண்ணே, அந்த வெப்சைட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, அத நான் பாத்ததே இல்லையே. எடு பாப்போம்" என்றார்.

போனை நீட்டினேன். வரப்பில் நின்றுகொண்டு, மம்பட்டி ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாதஸ்வரம் கத்தியது. தாமரை விரிந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. மஞ்சளில் ஓடிய வரி அவர் கண்ணில் படவே இல்லை. வரிசையின் உச்சியில் என் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வீட்டுப் புள்ளய எல்லாருக்கும் மேல போட்டுருக்காகளே ஆத்தா" என்றார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த உமியை வேட்டியில் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.