எண்ணாமல் விட்ட கை

போன கிழமை முழுக்க எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. யாழ்ப்பாண ரவுணில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி, பத்தரைக்கு ஒரு தேநீரும் பணிசும். குடியியல் தாள். மன்னராட்சி, மக்களாட்சி, இராணுவ ஆட்சி மூன்றையும் ஒப்பிடச் சொல்லி ஒரு கேள்வி. பிள்ளைகள் எல்லாரும் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, மேலே மூன்று பெயரையும் எழுதி, கீழே நிரப்பியிருந்தார்கள். சிவப்பு மை பாவிக்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்காத ஒரு பிள்ளை கட்டத்தைச் சிவப்பில் கீறியிருந்தது. அதைப் பார்த்ததும் என் பேனை நின்றுவிட்டது. சிவப்புக் கோடு போட்ட ஒரு புத்தகம் என்னிடமும் இருந்தது. நான் கீறிய கோடுகள்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் நியமனம். புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் போய் வருவேன். பெயருக்குத்தான் நான் தீவான். எங்கள் வீட்டார் தெற்கே கடை வைத்திருந்தவர்கள், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியறியாதவர்கள். எனக்கு மீனைக் குழம்பில்தான் பழக்கம்.

அந்தக் கரையில் பதினொரு வீடுகள், எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கர். கடல் அங்கே ஆழமில்லை. இடுப்பளவு தண்ணீரில் கம்பு நட்டு, சுற்றிவர வலை கட்டி, விடியற்காலையில் போய் இறாலையும் மீனையும் அள்ளி வருவார்கள். வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். வீட்டுக்கு ஒரு பாடு, ஒரு வருசத்துக்கு. நல்ல பாடும் உண்டு, ஒன்றும் விழாத பாடும் உண்டு. கோயில் பெருநாள் முடிந்த ஞாயிறு எந்தப் பாடு ஆருக்கு என்று தீர்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டுக்குறி இருந்தது. அந்தக் குறி பதித்த மிதப்புக் கட்டையைப் பனையோலைக் கடகத்தில் போட்டு, துணியால் மூடி, அந்தக் கரையில் சொந்தபந்தம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார்கள். முதலில் வரும் குறிக்கு முதல் பாடு. நான் அங்கே வேலைக்குப் போன முதல் வருசம் அந்தப் பிறத்தியான் நான்தான். கை விட்டு எடுத்தேன். மீன் வெடிலும் தாரும் கலந்த வாசம் இரண்டு நாளாகக் கையை விட்டுப் போகவில்லை, சோறு தின்னவும் மனமில்லாமல் இருந்தது.

அடுத்த வருசம் நான் பிறத்தியானாக இல்லை. கரைச் சங்கத்தைப் பதிய வேண்டும் என்று கடற்றொழில் கந்தோரில் இருந்து ஆள் வந்தபோது, எழுதத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் படிப்பிக்கிற மக்களாட்சியைக் கையால் செய்து காட்டக் கிடைத்த இடமல்லவா? கரைக்குப் பெரியவர் சம்மாட்டியார் சூசைப்பிள்ளை. அவருடைய தகப்பன் காலத்தில் பாட்டைத் தகப்பன்தான் தன் விருப்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பாராம். அதில் அடிதடி வந்து ஒருவருக்கு மண்டை உடைந்த பிறகுதான் கடகம் வந்ததாம். இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் பாடப்புத்தகம் மாதிரித் தெளிந்துவிட்டது. முதலில் மன்னராட்சி, பிறகு கண்மூடித்தனம், இனி மக்களாட்சி. மூளையுள்ள மனிதர் கூடிக் கையுயர்த்தித் தீர்மானிக்க வேண்டியதைக் கடகத்திடம் விடலாமா என்று அரை மணித்தியாலம் பேசினேன். சம்மாட்டியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் படித்த பிள்ளை சொல்லுது என்று விட்டுவிட்டார். சங்கத்தின் விதிகளை, அதாவது யாப்பை, நானே எழுதினேன், நானே உறுப்பினர் பதிவும் எழுதினேன்.

திரேசம்மாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருசன் காய்ச்சலில் செத்து இரண்டு வருசம். மகள் றீற்றா என் எட்டாம் வகுப்பில் இருந்தாள். தாயும் மகளுமாகத் தண்ணீரில் இறங்கி, தாங்களே கம்பு நட்டு வலை கட்டுவார்கள். அந்தப் பாட்டில் விழும் இறாலில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, றீற்றாவின் கொப்பி பேனையும் அதில்தான் வந்தது. கடகத்துக்குள் அவர்களுடைய கட்டையும் மற்றக் கட்டைகளோடு கிடக்கும். வீட்டில் ஆம்பிளை உண்டோ இல்லையோ என்று அதில் எழுதியிருக்கவில்லை.

முதற் கூட்டம் கோயில் மதிலோரம் நடந்தது. ஆண்கள் பாயில், பெண்கள் மதிலோடு ஒட்டி நின்றார்கள். சம்மாட்டியாரின் மருமகன் எழும்பி ஒரு பிரேரணை சொன்னார்: ஆம்பிளை கடலுக்கு இறங்காத வீட்டுக்குப் பாடு இல்லை, அந்தப் பாட்டைப் பெரிய குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். பெரிய குடும்பம் என்றால் அவருடையதுதான். நான் வாக்கெடுப்புக்கு விட்டேன். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். சம்மாட்டியாரும் மகன்மாரைப் பார்த்துவிட்டுத் தூக்கினார். பேனை நுனியால் எண்ணினேன், பத்து. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது மதிலோரம் ஒரு கை எழும்பியது. திரேசம்மாக்கா.

பதிவைப் புரட்டினேன். பதினோராவது பெயர் அவருடைய புருசனுடையது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதும்போது, செத்தவரின் பெயரை நான் அப்படியே இறக்கி வைத்திருந்தேன். கூட்டறிக்கைப் புத்தகத்தில் நான் கீறியிருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதினேன். எழுத்து அழகாக விழுந்தது என்று அப்போது நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு திரேசம்மாக்கா கிட்ட வந்தார்.

“என்ர கையை எண்ணினியளோ மாஸ்ரர்?”

“உங்கட பேர் பதிவில இல்லையக்கா. யாப்பின்படி எண்ண ஏலாது.”

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “போன வருசம் கடகத்துக்குள்ள கை விட்டதும் நீங்கள்தான். அப்ப நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பாடு கிடைச்சது.”

அதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் வலையில் விழுந்த இறாலைத் தெரிந்து பிரித்துக் கொடுக்கக் கூலிக்குப் போனார். இரண்டு மாதத்தில் றீற்றா பள்ளிக்கூடம் வருவதை விட்டாள். வீட்டுக்குப் போனேன். பத்திரிகைத் தாளில் உறை போட்டிருந்த குடியியல் புத்தகத்தை எடுத்து வந்து, பள்ளிக்கூடத்துப் புத்தகம் சேர், கொண்டுபோங்கோ என்று நீட்டினாள். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்திவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, திருத்தத்தை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

அடுத்த பொதுக்கூட்டம் வரவில்லை. சண்டை வந்து, தீவுப்பகுதியே ஒரே கிழமையில் காலியாகிவிட்டது. பிறகு வந்த ஆட்சிகளைப் பிள்ளைகள் கட்டம் கீறி நிரப்பிவிடுகிறார்கள். நாங்கள் வரிசையில் நின்று கற்றுக்கொண்டோம். ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ், கடலுக்குப் போகப் பாஸ், போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம், அதற்கு அப்பால் எல்லை. அங்கே ஒருவரும் கையை உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த வரிசைகளில் நிற்கும்போதெல்லாம், கேட்ட இடத்திலும் ஒரு கையை நான் எண்ணவில்லையே என்று நெஞ்சு குத்தும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு அந்தக் கரைக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். கோயில் மதில் பாதி விழுந்து கிடந்தது. தண்ணீரில் புதுக் கம்புகள் நின்றன, கட்டியவர்களை எனக்குத் தெரியாது. பாடு எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். கந்தோரில் கடிதம் தருவார்கள் என்றார். கடகத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. திரேசம்மாக்கா மன்னார்ப் பக்கம் போய் அங்கேயே செத்துப்போனார் என்று பிறகு அறிந்தேன். றீற்றா எங்கே என்று சொல்ல ஆளில்லை.

சிவப்புக் கட்டம் போட்ட பிள்ளை மக்களாட்சிக்குக் கீழே, ‘பெரும்பான்மையினரின் முடிவே இறுதியானது’ என்று எழுதியிருந்தது. புள்ளித்திட்டத்தில் உள்ள விடைதான். முழுப் புள்ளி போட்டேன்.

இடம்பெயர்ந்த அன்று அந்தக் கூட்டறிக்கைப் புத்தகத்தைப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தனான். அலுமாரியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இருந்தால், ‘ஏகமனதாக’ என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘எதிர்ப்பு ஒன்று, திரேசம்மா’ என்று எழுதியிருப்பேன். அதை எழுத இப்போது என்னிடம் அந்தப் பக்கம் இல்லை.