துளை போடாத இறக்கை

எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் சிவப்புக் காரின் பின்பக்கத்தில் ஒரு பழைய துண்டு விரித்திருக்கும். அதன்மேல், காரின் அகலத்துக்கு, பந்தயக் கார்களுக்கு வைக்கிற மாதிரி சாம்பல் நிற ஸ்பாய்லர் ஒன்று உட்கார்ந்திருக்கும். இறக்கை என்றுதான் அப்பா சொல்வார். திருகு எதுவும் இல்லை. காற்று பலமாக அடித்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெங்கம் ஊரில் எங்கள் வீட்டு வரிசையைக் கடந்து போகிறவர்கள், அதை எப்போது பூட்டப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அடுத்த வாரம் என்பார் அப்பா. அந்த அடுத்த வாரத்துக்கே இப்போது நரை தட்டிவிட்டது.

கார் என் தம்பியுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய இரண்டு கதவு ஜப்பான் கார். முன்பக்கத்துக்கு மட்டும் ஆசையாக ஒரு ஃபைபர் பம்பர் போட்டிருந்தான். பெரிய இறக்கை வைத்த கார்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. “அலமாக், துணி காயப்போடவாக்கா?” என்று சிரிப்பான்.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய அப்பாவுக்கோ அந்தக் காரைப் பார்த்தாலே பயம். அதே மாதிரிக் காரில் பறந்துபோய் விபத்தில் சிக்கிய பக்கத்து வீட்டுப் பையனைச் சாலையோரத்திலிருந்து தூக்கியவர் அவர். பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரியாத மனிதர், கோபமாகத்தான் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முற்றி, லாரியிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்து அந்த முன் பம்பரை அடித்துவிட்டார். அப்பளமாக நொறுங்கியது. தம்பி கார்ச் சாவியை வாசலில் வைத்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

போன் மணி அடிக்கும், எடுக்க மாட்டான். நான் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் அவன் வேலையிடத்தில் விசாரித்தேன். நின்றுவிட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்றார்கள். அதை அப்பாவிடம் சொன்ன நாளிலிருந்து அவர் சோற்றைப் பிசைவார், உண்ணாமலே கை கழுவுவார். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கிடப்பதைப் போல் கொடுமை வேறில்லை. சாவு வீட்டில்கூட ஒருநாள் அழுது ஓயலாம்.

உடைத்ததைத் திரும்ப வாங்கி வைத்தால் வந்துவிடுவான் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கெலாங் பாத்தாவில் காருக்குப் பம்பர், இறக்கை என்று பாடி கிட் விற்கும் சீன முதலாளியான தவுக்கேயின் கடைக்கு என்னை இழுத்துப் போனார். கூரையிலிருந்து பம்பர்களாகத் தொங்கின. முந்திய மாடலா பிந்திய மாடலா, உடையும் ஃபைபரா வளையும் ரப்பரா என்று தவுக்கே மலாயில் கேட்கக் கேட்க அப்பா திருதிருவென்று விழித்தார். ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். அவருக்குப் போனில் எழுத வராது, குரலைத்தான் அனுப்புவார்.

“தம்பி, ஃபைபரா, ரப்பரா? ஒரு வார்த்த சொல்லுப்பா. நீ சொல்றதையே அப்பா வாங்கிடுறேன் லா.”

பதில் இல்லை. வாராவாரம் போனோம். தவுக்கே விலை பேசுவதை விட்டுவிட்டு, அப்பாவைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தார். ஒருநாள் அப்பா பம்பர்களைப் பார்க்கவே இல்லை. யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த அந்த ராட்சத இறக்கையைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்பா, இதக் கண்டாலே அவனுக்கு ஆவாதுப்பா.”

“தெரியும்மா. அதுக்குத்தான். நல்லதக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். திட்டவாச்சும் தொறக்கட்டும்.”

சொல்லிவிட்டு, தவுக்கே முன்னாலேயே அழுதார். எனக்கு அவர் கையைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை, பயந்துபோய் நின்றேன்.

இறக்கையைப் பூட்டக் காரின் தகரத்தில் துளை போட வேண்டும். போட்டால் போட்டதுதான், கார் பழையபடி ஆகாது. வீட்டுக்கு வந்ததும் துண்டை விரித்து இறக்கையை வைத்தார். டிரில்லின் முனையைத் தகரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் படம் எடுக்கச் சொன்னார். “நாளைக்கு ஓட்ட போடப் போறேன் தம்பி” என்று குரலையும் சேர்த்து அனுப்பினார்.

மறுநாள் காலை அவருடைய கோப்பி ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் தம்பியின் குரல் கேட்டது.

“ஓட்ட போடாதீங்கப்பா.”

அவ்வளவுதான், வைத்துவிட்டான். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்து, “இருக்கான்மா” என்றார். அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அவன் இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு மனசு தாங்காத நாட்களில் மறுபடி அந்தப் படம் போகும். இப்போது டிரில்லைப் பிடிப்பது நான், படம் எடுப்பது அவர். அதன் பேட்டரி செத்து வெகுகாலமாகிறது. “வேணாம்பா” என்று ஒற்றை வரி திரும்பி வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் அடுத்த பண்டிகை வரை ஓட்டுவோம்.

இந்தத் தீபாவளிக்கு அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அனுப்பியவற்றுக்கும் இல்லை. நேற்று மழைக்கு முன் காற்று தூக்கியது. நான் வெளியே ஓடுவதற்குள் அப்பா போய் இறக்கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். வாசல் கேட் அருகே ஒதுங்கிய யாரோ, இன்னும் பூட்டவில்லையா என்று கேட்டார்.

அப்பா அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

“தம்பி வேணாங்கறான்” என்றார்.