அன்ரி கரண்டியை எடுத்த ஞாயிறு

அக்காவைப் பெண் பார்க்க வந்த இடம் ஒரு டெசர்ட் கடை. லண்டனில் இல்ஃபோர்ட் பக்கம், சுவர் முழுக்க பிளாஸ்டிக் பூவும் ஊதா லைட்டும் போட்டு வைத்திருக்கிற வகைக் கடை. ஐடியா என்னுடையது. குட்மேய்ஸில் எங்கள் வீட்டு ஹோலில் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா ரோல்ஸ், பற்றிஸ், கேக் என்று மேசையை நிரப்புவார். வந்தவர்கள் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போவார்கள். பிறகு போனே வராது. கடை என்றால் ஐஸ்கிறீம் உருகுவதற்குள் மேட்டர் முடிந்துவிடும்.

ஆனால் உண்மையில் அது பெண் பார்ப்பே இல்லை. மாப்பிள்ளையும் அக்காவும் இரண்டு வருடமாக லவ். அது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு ஒரு சீவனுக்கும் தெரியாது. காரணம், மாப்பிள்ளையின் அம்மா. அவருடைய மூத்த மகன் வீட்டில் மூச்சு விடாமல் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, ஃபமிலி வட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டுத்தான் விஷயத்தைத் தெரியப்படுத்தினான். அந்த அன்ரி அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லி வைத்தது ஒன்றே ஒன்று: "சின்னவனுக்கு நான் பாத்துத்தான் கட்டி வைப்பன். லவ் எண்டு ஆரும் என்ர வாசலுக்கு வரக்கூடாது."

சின்னவன்தான் எங்கள் ஆள்.

எனவே இரண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாங்கள் போகிற தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில், பாட்டுக் குழுவில் ஒரு மாமி இருக்கிறார். அவருக்குக் கலியாணம் பேசி வைப்பதென்றால் உயிர். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு பெருமூச்சு விட்டாள். அடுத்த வாரம் லண்டனின் மற்றக் கோடி ஹவுன்ஸ்லோவிலிருந்து அவனும் வந்து அதே மாமிக்குக் கதிரை தூக்கிக் கொடுத்தான். மாமி தானே யோசித்துக் கண்டுபிடித்த சம்பந்தம் என்று நினைத்து இரண்டு வீட்டுக்கும் போன் போட்டார். அவனுடைய போட்டோ எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா அதை ஸூம் பண்ணிப் பார்த்து, "பரவாயில்லை, கொஞ்சம் மெலிவு" என்றாள். அந்த நடிப்புக்கு ஓர் அவார்ட் கொடுத்திருக்க வேண்டும்.

அன்ரிக்கு விஷயம் தெரிந்தால் எல்லாம் அவுட். அதுதான் அன்றைய நிலவரம்.

ஜூலை மாத ஞாயிறு, பூசை முடிந்த கையோடு. வெயில் கொளுத்தியது. இரண்டு அப்பாமாருக்கும் ஷிப்ட். ஆகவே இந்தப் பக்கம் அம்மா, அக்கா, நான். அந்தப் பக்கம் அன்ரியும் மகனும். நோர்த் சேர்க்குலர் ரோட்டு டிராபிக்கில் நின்று நின்று வந்ததில் அன்ரிக்கு முகம் சிவந்திருந்தது.

"நீங்கள் எங்க வேலை செய்யிறீங்கள்?" என்று அவன் அக்காவைக் கேட்டான்.

"அக்கவுண்ட்ஸில," என்றாள் அக்கா, மேசையைப் பார்த்தபடி. "நீங்கள்?"

நான் தண்ணீரை மூக்கால் விடப் பார்த்தேன். அக்காவின் ஒபிஸ் வாசலில் வாரத்துக்கு மூன்று நாள் நிற்கிற ஆள் கேட்கிற கேள்வியா இது?

சண்டே ஐஸ்கிறீம் வந்தது. உயரமான கண்ணாடிக் கிளாஸ்கள். அடியில் பழம், மேலே ஐஸ்கிறீம், அதற்கு மேல் ஸ்ரோபெரி சோஸ், கிறீம், குத்தி வைத்த வேஃபர், உச்சியில் ஒரு சிவப்புச் செரிப்பழம். ஒன்றை அன்ரியின் முன்னால் வைத்தார்கள். அவர் அதை இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம். தண்ணி காணும்."

"என்ன அக்கா, இந்த வெய்யிலுக்கு நல்லமெல்லோ?" என்றார் அம்மா அன்ரியிடம்.

"இல்லைத் தங்கச்சி. நான் இனிப்பு வாயில வைக்கிறதில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி. போன தவக்காலத்தில தொடங்கினது. சின்னவனுக்கு ஒரு சம்பந்தம் சரிவரும் மட்டும் தொடமாட்டன்."

மகன் திடுக்கிட்டுப் பார்த்தான். "எனக்குச் சொல்லேல்லையே அம்மா?"

"மாதாவுக்குத்தான் நேர்ந்தனான். உனக்கில்லை."

நேர்த்தி வைத்த மனுசியை டெசர்ட் கடைக்குக் கூட்டி வந்திருக்கிறோம். மெனுவில் இனிப்பில்லாத ஒரே சாமான் குழாய்த் தண்ணீர். அம்மா மேசைக்கு அடியில் என் காலில் ஒரு உதை விட்டார். எனக்கு அமைதி என்றால் அலர்ஜி. வாயில் வந்ததை எடுத்துவிட்டேன்.

"அன்ரி, இந்த சண்டேயே பக்தியால வந்த சாப்பாடுதான், தெரியுமோ?"

"ஐஸ்கிறீமோ?"

"ஓம். முந்தி அமெரிக்காவில சோடாவுக்குள்ள ஐஸ்கிறீம் போட்டுக் குடிக்கிறதுதான் பெரிய எடுப்பு. சில ஊரில கோயில் ஆக்கள், ஞாயிற்றுக்கிழமை சோடா விக்கக் கூடாதெண்டு தடை போட்டவையாம்."

"சோடா குடிச்சா என்ன பாவம்?"

"உறிஞ்சிற சத்தம் கேக்குமாம் அன்ரி. ஆண்டவருடைய நாளில அவ்வளவு சந்தோசம் கூடாதாம்."

அன்ரியின் வாய் ஒரு பக்கம் சற்று வளைந்தது. விட்டேனா?

"கடைக்காரன் பாத்தான். சோடாவுக்குத்தானே தடை? சோடாவை எடுத்துப்போட்டு, மிச்ச ஐஸ்கிறீமுக்கு மேல சீனிப்பாணியை ஊத்திக் குடுத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாமான் எண்டு அதுக்குக் கிழமையின்ர பேரையே வச்சாச்சு. கோயில் ஆக்கள் அதுக்கும் கத்த, இங்கிலீஷில கடைசி எழுத்தை மட்டும் மாத்தி எழுதினவையாம்."

"உண்மையோ இது?"

"ஆருக்குத் தெரியும்? நாலஞ்சு ஊர், எங்கடை ஊரிலதான் முதல் வந்ததெண்டு இண்டைக்கும் அடிபடுது. ஆனா சோஸ் இல்லாட்டி அது சண்டே இல்லை. வெறும் ஐஸ்கிறீம்."

"சட்டத்தையும் மீறேல்ல, வியாபாரத்தையும் விடேல்ல," என்றார் அன்ரி. "விளங்கின ஆள்."

அப்பாடா, மனுசி கதைக்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அது நடந்தது.

அக்காவுக்கு அந்தச் செரிப்பழம் பிடிக்காது. இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்பாள். மாப்பிள்ளை என் கதையைக் கேட்டபடியே, கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல், நீளக் கரண்டியை நீட்டி அக்காவின் கிளாஸிலிருந்த செரிப்பழத்தை எடுத்துத் தன் வாயில் போட்டான். பிறகு தன் வேஃபரைப் பிடுங்கி அவள் கிளாஸில் குத்தினான். அக்காவும் பார்க்காமலே அந்த வேஃபரை எடுத்துக் கடித்தாள்.

கடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அக்காவின் வாய் அப்படியே நின்றது.

அன்ரி தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு காலமா?"

"என்னம்மா?"

"செரிப்பழம் எடுக்கிறது."

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம். பாவம். "ரெண்டு வருசம்."

"என்ன ரெண்டு வருசம்?" என்றார் என் அம்மா. பிறகு அவருக்கும் மெதுவாக பல்ப் எரிந்தது. என் பக்கம் திரும்பினார். "எடியே, உனக்கும் தெரியுமோ?"

"எனக்கு ஐஸ்கிறீம் வரலாறு மட்டும்தான் தெரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒபிஸில் பத்துப் பேரை மேய்க்கிறவள், பள்ளிப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு பேசினாள்.

"அன்ரி, உங்களை ஏமாத்தோணும் எண்டு செய்யேல்ல. உங்களுக்குத் தெரியாமல் கட்டுறதெண்டால் எப்பவோ கட்டியிருக்கலாம். நீங்கள் பாத்து, ஓம் எண்டு சொல்லோணும். அதுக்காகத்தான் இவ்வளவும். வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ, நான் எழும்பிப் போறன்."

வெளியே சிவப்பு பஸ் ஒன்று தரிப்பில் நின்று ஆட்களை இறக்கியது. அது ஆடி அசைந்து கிளம்பும் வரை அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போகப் போகிறார், பாட்டுக் குழு மாமிக்குப் போன் போகப் போகிறது, அடுத்த ஞாயிறு கோயில் முழுக்க நாங்கள்தான் கதை.

"அப்ப அந்த மாமி?" என்று மகனைக் கேட்டார்.

"அவவுக்கு ஒண்டும் தெரியாதம்மா. நாங்கள்தான் அவவை ஏமாத்தினது."

"அவ என்னட்டை, செபம் பண்ணேக்க மாதா தனக்கு மனசில காட்டினதெண்டெல்லோ சொன்னவ!"

சொல்லிவிட்டு அன்ரி சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்க. அன்ரிக்கு ஊர் மன்னார்; அந்த ஊர்க்காரர் சிரித்தால் இப்படித்தான் சிரிப்பார்களோ தெரியாது, பக்கத்து மேசையில் வாஃபிள் தின்றுகொண்டிருந்த பெடியன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"உன்ர கொண்ணன் தடையை மீறிச் சோடாவைக் குடிச்சுப்போட்டு வந்து சொன்னவன். நீ சோடாவை எடுத்துப்போட்டு எனக்கு முன்னால கொண்டுவந்து வச்சிருக்கிறாய். என்ன?"

அவன் தலையை ஆட்டினான்.

அன்ரி தள்ளி வைத்த கிளாஸை இழுத்தார். அது பாதி உருகி சோஸும் பாலும் ஒன்றாகியிருந்தது. சிலுவை அடையாளம் போட்டார். நீளக் கரண்டியை எடுத்து அடிவரை விட்டு ஒரு வாய் அள்ளினார். நாங்கள் நால்வரும் அந்தக் கரண்டி போகிற வழியையே பார்த்தோம். அது வாய்க்குள் போனதும் அம்மா "மாதாவே" என்று ஒரு சத்தம் விட்டார். நேர்த்தி முடிந்துவிட்டது. சம்பந்தம் சரி. இதற்கு மேல் ஒரு வார்த்தை யாருக்கு வேண்டும்?

"சரியான இனிப்பு," என்றார் அன்ரி. இரண்டாவது வாயும் அள்ளினார். "தங்கச்சி, நீங்களும் சாப்பிடுங்கோ. உருகுதெல்லோ."

அக்கா எழும்பி டொய்லெட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கை காய வைக்கும் மெஷினுக்குக் கீழே குனிந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்த இரைச்சலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எடி, என்ன இது? சரிவந்திட்டுது, பிறகேன் அழுறாய்?"

"இனி அவனுக்கு 'பல் டொக்டர்' எண்டு பேர் வச்சிருக்கத் தேவையில்லையடி," என்று போனை நீட்டினாள். பார்த்தேன். உண்மைதான், அப்படித்தான் சேவ் பண்ணியிருந்தாள். மிஸ்ட் கோல் எல்லாம் பல் டொக்டர்.

"அதுதானா வாரா வாரம் பல்லு கிளீன் பண்ணப் போறன் எண்டனீ?"

"பேசாதை. அம்மா என்ர பல்லு முரசுக்குக் கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினவ."

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அக்கா முகத்தைக் கழுவினாள். போனை எடுத்து அவனுடைய பேரைச் சரியாக எழுதினாள்.