பிஞ்சுக் கிழங்கு

பாம்பூ என்ற ஊரின் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டின் பின்புறம் உருளைக்கிழங்கு போட்டிருந்தேன். தோட்டத்துக் கடையில் அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிழங்கை நம்பித்தான் என் கணவர் வேலைக்குப் போகாமல் உறுதியாக இருந்தார். செடிகள் பூத்திருந்தன, கிழங்கு முற்றவில்லை.

ஒரு காலையில் என் அண்ணன் வந்தார். அவர்தான் அங்கே சர்தார். கூலிகளை வேலை வாங்குகிறவர்.

"நாளைக்கு மாப்பிள்ளை வேலைக்கு வரணும், தங்கச்சி. இல்லன்னா இந்தப் பாத்தியைக் கொத்திப் போடச் சொல்லிட்டாரு முதலாளி மிஸ்யே. மண்ணு அவருதாம்."

"முதலாளி சொன்னா நீங்களே வந்து கொத்துவீங்களா அண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார்.

என் கணவர் வேலைக்குப் போக மாட்டார். அண்ணன் கையால் அழிய வேண்டாமென்று நானே மண்வெட்டியை எடுத்தேன். நெல்லிக்காய் அளவில் பிஞ்சுகள் வந்தன. அழுதுகொண்டே தோண்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பொறுக்கினார்கள். எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்தோம். அங்கேயே நின்றிருந்த அண்ணனிடமும் ஒரு பிடி நீட்டினேன். வாங்காமல் போய்விட்டார்.

அது எத்தனை நாளைக்கு வரும்? பசி தாங்காமல் அடுத்த வாரமே என் கணவர் அண்ணனிடம் போய் வேலைக்கு நின்றார். அதன் பிறகு அண்ணன் என் வீட்டில் கை நனைக்கவே இல்லை. கோபமா, வெட்கமா என்று நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது.