கருப்பசாமியின் சேவலும் என் அடுப்பும்

கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஆசைப்பட்டது நகைக்கும் பட்டுக்கும் அல்ல, ஓர் அடுப்புக்கு. திண்டுக்கல்லில் என் மாமனார் வீட்டுச் சமையல்கட்டில் உப்புப் போடுவது மூத்த ஓரகத்தி, தாளிப்பது இரண்டாவது ஓரகத்தி, ருசி பார்ப்பது மாமியார். கடைசி மருமகளான எனக்குத் தேங்காய் துருவும் வேலை. ஒரு வருஷம் துருவினேன். ஒரு நாள் துருவிக்கொண்டே அழுதேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அது சுத்தப் பொய். தேங்காய் மூடியைச் சுவரில் விட்டெறிந்தேன், அவ்வளவுதான்.

நத்தம் போகும் சாலையில் மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் சும்மா கிடந்தது. ஒரு கிணறு, ஒரு கூரைக் கொட்டகை, ஒரு வேப்பமரம். நாங்கள் அங்கே போய் இருந்துகொள்கிறோம், எங்கள் சாப்பாட்டை நாங்களே விளைவித்துக்கொள்கிறோம் என்று நான் கேட்டபோது வீடே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதுவரை மண்வெட்டியைத் தொட்டதில்லை. சம்பளத்தை வழக்கம்போல அப்பாவிடமே கொடுத்துவிடுவதாக அவர் சொன்னதும் மாமனார் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, போங்க. அடுத்த சித்திர வரைக்கும் இந்த வீட்லருந்து ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு படி தானியம் வராது. கடையில உப்பும் சீமெண்ணெயும் வாங்கிக்கங்க. தின்ன இல்லன்னு கையேந்துனா அன்னைக்கே பொட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துரணும். பெறகு தனியடுப்புங்கிற பேச்சே எடுக்கப்படாது."

"சரிங்க மாமா" என்றேன். அவர் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

என் பிறந்த வீட்டில் ஒரு மூட்டைக் கம்பும், குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியும் கொடுத்தார்கள். அதற்கு மேல் கொடுக்க அவர்களிடமும் இல்லை. சித்திரையில் குடிபோன அன்று மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டி, கம்பங்கூழ் காய்ச்சி, உப்பை நானே போட்டேன். அதிகமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு முறை வாங்கிக் குடித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் கொட்டகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

மழை அந்த வருஷம் ஒழுங்காகப் பெய்தது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து பழைய கஜக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து, துணி அளப்பதுபோல முழங்காலில் நின்று பாத்தி அளந்தார். கத்தரிக்கு அரை கஜம், மிளகாய்க்குக் கால் கஜம். முதல் கத்தரிக்காயைப் பறித்து நீட்டியபோது, "சாயம் போகாதும்மா, தைரியமா எடுத்துக்கங்க" என்றார். விதைத்த சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. சுரை கூரைமேல் ஏறியது. அவரை வேலியில் படர்ந்தது. பூசணி எங்கள் பேச்சைக் கேட்காமல் கிணற்றுமேட்டுக்கே போய்க் காய்த்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்ததைவிட நின்று வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே, வைகாசி வெயிலில், நான் ஒரு கிறுக்குத்தனம் செய்து வைத்திருந்தேன். கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. முதலில் தாய்க்கோழி போயிற்று. பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாய்த் தலையைத் தொங்கப்போட்டன. எங்கள் குலசாமியான கருப்பசாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "கருப்பா! ஒண்ணே ஒண்ணாச்சும் பொழைக்கட்டும்யா, அத ஒனக்கே குடுத்துர்றேன்" என்று கத்திவிட்டேன்.

கருப்பசாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது.

"ஏம்புள்ள, வேண்டுறவ பத்துப் பொழைக்கட்டும், ஒண்ண ஒனக்குத் தாரேன்னு வேண்டக்கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, கூண்டில் அடைக்கக்கூடாது, கோலெடுத்து அடிக்கவும் கூடாது. மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் கோயிலில் பலி கொடுக்கும்வரை அது இஷ்டப்பட்ட இடத்தில் இஷ்டப்பட்டதைத் தின்னும்.

அந்தக் குஞ்சு வளர்ந்தது. அப்படி ஒரு சேவலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கருஞ்சிவப்பு இறகு, வாள்போல வால், தாசில்தார் நடை. தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்பது அதற்கு எப்படித் தெரிந்ததோ, நன்றாகத் தெரிந்துவிட்டது. தக்காளி பழுக்கப் பழுக்கக் கொத்தியது. கீரைப் பாத்தியில் புரண்டது. நான் "சாமி, தள்ளிப் போங்க" என்று கெஞ்சுவேன். அது ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கிளறும்.

தை மாதம் வெயில் ஏறியதும் நான் கோடைக்கு வேண்டியதைப் பதப்படுத்த ஆரம்பித்தேன். கத்தரியை அரிந்து வத்தல், கொத்தவரையை அவித்து வத்தல், சுண்டைக்காயை நசுக்கி மோரில் ஊறப்போட்டு வத்தல். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது, அதையும் செய்தேன். வாசலில் பாய் விரிக்க இடமில்லை. சேவலுக்கோ நாள்தோறும் கல்யாண விருந்து. கட்டிலின்மேல் காயப்போட்டால் கட்டிலில் ஏறும். கூரைமேல் போட்டால் கூரைக்குப் பறக்கும். குடையை விரித்துக்கொண்டு நானே காவலுக்கு உட்கார்ந்தேன். குடைமேல் வந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மோர்மிளகாயைப் பாயின் ஓரமெல்லாம் வேலிபோலப் பரப்பி வைத்தேன். கொத்தினால் வாய் எரிந்து ஊரைவிட்டே ஓடட்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அது வந்தது. ஒரு மிளகாயைக் கொத்தியது. இன்னொன்று. பாதி வேலியைத் தின்று முடித்து, கழுத்தை நீட்டி, பட்டப்பகலில் ஒரு கூவல் கூவியது. பறவைக்கு மிளகாய் உறைக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தக் கூவலுக்குச் சுற்றுவட்டாரத்துப் பெட்டைக்கோழிகள் எல்லாம் வர ஆரம்பித்திருந்தன. களத்தில் காயப்போட்ட சோளத்தை ஒரு மத்தியானத்தில் அந்தப் பட்டாளம் சூறையாடியது. முன்னால் சாமி நடக்கும்போது பின்னால் வருகிறவர்களை எப்படி விரட்டுவது? மாசி பிறந்தபோது என் சோளப் பானையில் கைவிட்டால் அடி தட்டுப்பட்டது. சித்திரைக்கு இன்னும் நாள் கிடந்தது. வத்தலைக் குழம்பு வைக்கலாம். குழம்பை எதில் ஊற்றுவது? சோறில்லாமல் சித்திரையை எட்ட முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அந்தத் தேங்காய்த் துருவியை நினைத்தபோது நான் நிஜமாகவே அழுதேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை குடும்பமே கோயிலில் கூடியது. பலி முடிந்ததும் மாமனாரிடம் கேட்டுவிடுவது என்று ஒரு வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன். பூசாரி சேவலின்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். சேவல் உடம்பை உலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம், அப்புறம்தான் வெட்டுவார்கள். சேவல் உலுக்கவில்லை.

"கருப்பா, உத்தரவு குடு!" என்று பூசாரி இன்னொரு செம்பு ஊற்றினார். நனைந்த சேவல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. உறுமி மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். இன்னொரு செம்பு. என் வீட்டுக்காரர் அதற்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத் தன் தோளை உலுக்கிக் காட்டினார். அது ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடியது.

"சாமி வேணாங்குது" என்றார் பூசாரி, கை ஓய்ந்துபோய். "கொண்டுக்கிட்டுப் போங்க. அடுத்த மாசிக்குப் பாப்பம்."

இன்னும் ஒரு வருஷமா! கருப்பனுக்கே சகிக்காத கோழி என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு மாமனார் பக்கம் நகர்ந்து, "மாமா..." என்று வாயெடுத்தேன்.

"நீ செத்த சும்மா இரு" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. என் மாமியார் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்று கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று மாமனாரைப் பார்த்தார். "இது இனி சாமி திருப்பிவிட்ட கோழி. இதப் பட்டினி போட்டா நம்ம குடும்பம் வெளங்குமா? இவுக ரெண்டு பேருக்கும் ஒண்ணும் குடுக்க வேணாம். கோழிக்கு நம்ம வீட்லருந்து தீனி போகணும்ல?"

பூசாரி தலையாட்டினார். மாமனார் யாரை மறுப்பார், கருப்பசாமியையா? "கோழிக்குத்தான, குடு" என்றார்.

மறுநாளே மாட்டுவண்டி வந்தது. ஒரு மூட்டை அரிசி, துவரம் பருப்பு, கருப்பட்டி, ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய், ஒரு டப்பா காப்பிப் பொடி. ஏற்றும்போது மாமனார், "கோழி காப்பி குடிக்குமா?" என்று கேட்டாராம். "சாமி கோழி. எத வேணாலும் குடிக்கும்" என்றாராம் அத்தை. வண்டிக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சித்திரை தாண்டியும் அந்தத் தீனி எங்களைக் காப்பாற்றியது. கோழியும் கொஞ்சம் தின்றது.

அந்த வண்டியில் அத்தையும் வந்திருந்தார். இறங்கி, வத்தல் பானைகளைத் திறந்து பார்த்தார், சுண்டை வத்தலை மோந்து பார்த்தார். கொட்டகைக்குள் போய் என் அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"கல்யாணமாகி வந்தப்ப என் மாமியாக்காரி அடுப்பு" என்றார் திரும்பாமலே. "அவ போனதும் மருமகளுக வந்துட்டீக. தனியா நின்னு ஒரு ரசம் வச்சதில்ல நானு. கேக்கணும்னும் தோணல. நீ கேட்டுப்புட்ட."

நான் புளியை எடுத்துக் கரைக்கப் போனேன். என் கையிலிருந்து புளியை வாங்கிக்கொண்டார்.

"நீ வெளிய போ, ஆத்தா. செத்த நேரம் யாரும் உள்ள வராதீக."

நான் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றேன். உள்ளேயிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் அத்தை மெல்லப் பாடும் சத்தமும் வந்தது. அந்தப் பெரிய வீட்டில் அவர் பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.