ரஞ்சன்குடிக் கோட்டையில் டின் அடுப்பு

இந்தியாவிலேயே முதன்முதலில் ஸ்பிரிட் அடுப்பு செய்தவன் நான்தான். பொய். பெரம்பலூரிலேயே நான் முதல் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல் செட் கட்டுகிறவர், நான் பிறக்கும் முன்பிருந்தே ஸ்பிரிட் விளக்கில் மெழுகு உருக்குகிறார். அடுப்பை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கோட்டை ஏறியவன் என்று வேண்டுமானால் என்னைச் சொல்லலாம்.

2003, ரம்ஜான் மாதம். லப்பைக்குடிக்காட்டு நண்பன் சலீம் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஆறு பேர் படுக்கும் அறையில், ஆறிப்போன சோற்றில் நோன்பு திறந்தே அலுத்துவிட்டதாம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் தெரியும் ரஞ்சன்குடிக் கோட்டை மேல் உட்கார்ந்து, ஒரு நாளாவது சுடச்சுடக் கஞ்சி குடித்து நோன்பு திறக்க வேண்டும் என்றான். சுட வைப்பது என் பொறுப்பு என்று வாயை விட்டேன்.

நான் மர பீரோ, கட்டிலுக்குப் பாலிஷ் போடுகிறவன். ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. அவன் கொண்டுவந்த ஜூஸ் டின்களில் இரண்டை அடிப்பக்கமாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றிச் சாக்கு ஊசியால் ஓட்டை போட்டேன். ஓட்டை கூடினால் சூடு கூடும் என்பது என் படிப்பு. முதல் அடுப்பு சல்லடை மாதிரி இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் ஸ்பிரிட்டை முழுக்கக் குடித்துவிட்டு அணைந்தது. மூன்றாவது அடுப்பில் ஓட்டையைக் குறைத்தேன். பாதி ஸ்பிரிட்டிலேயே தண்ணீர் கொதித்தது.

மாலை நாலரைக்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினோம். பதினேழு கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சி சலீம் மடியில், தூக்கு வாளியில். இருமல் மருந்து பாட்டிலில் ஸ்பிரிட் என் பையில். மூடி சரியில்லை. கண்டக்டர் மூக்கைச் சுருக்கி, தொப்பியோடு இருந்த சலீமைப் பார்த்தார்.

"நோம்பு நாள்லயுமா பாய்?"

சலீம் என்னை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

கோட்டை உச்சியில் மழை விட்ட வெயிலில் கண் கூசியது. கஞ்சி அதற்குள் ஆறிவிட்டது. காற்று அதிகம் படாத ஒரு சுவர் மூலையில் அடுப்பை வைத்து, சிந்தியது போக மிஞ்சிய ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்ற வைத்தேன். பற்றவில்லை. குனிந்து பார்த்தேன். மீசை பொசுங்கியது. எரிந்துகொண்டுதான் இருக்கிறது, வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை.

வாளியை மேலே வைத்து மூடினேன். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம்தான். வாளி சூடேறிய நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்தார்.

"கோட்டைக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாது. அணைங்க."

அணைத்தால் தீர்ந்தது. வேறு சொட்டு ஸ்பிரிட் கிடையாது. சலீம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெருப்பு எங்கங்க இருக்கு?" என்றேன்.

வாட்ச்மேன் குனிந்தார். தீயும் இல்லை, புகையும் இல்லை. என்னைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். நல்ல நேரம் பார்த்து வாளி மூடி தடதடவென்று ஆடி, ஓரத்தில் ஆவி வந்தது.

"அப்ப கஞ்சி எதுலடா கொதிக்குது?"

நான் மூடியை ஆடாமல் அழுத்திப் பிடித்தேன். சலீம்தான் சொன்னான்: "எரியுதுங்க. காலைலேர்ந்து நோம்பு. பாங்கு சொன்னதும் அணைச்சிடறோம்."

அவர் தோள் துண்டை உதறி, காற்று வரும் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். "சாம்பல் கீம்பல் கெடக்கக் கூடாது."

கீழே ஊரிலிருந்து பாங்கு கேட்டது. சலீம் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கஞ்சியை வாயில் வைத்தான். வைத்த வேகத்தில் நாக்கை நீட்டிக் காற்று வாங்கினான்.

"சுட்டுடுச்சுடா," என்றான். துபாயிலிருந்து வந்த நாளாக அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வாட்ச்மேன் அணைந்து ஆறிய அடுப்பைப் புரட்டிப் பார்த்து, எப்படிச் செய்தது என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? டின்னை வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டதில் ஆரம்பித்து, ஓட்டைக் கணக்குக்கு வந்து, முதலில் நாலு மூலைக்கும் நாலு ஊசிக்குத்து என்றேன். வட்ட டின்னுக்கு ஏது மூலை என்றார். அதை விளக்க டின்னைக் கையில் வாங்கினேன்.

"மாப்ள," என்று சலீம் கூப்பிட்டான், ஒரு டம்ளர் எனக்கும் ஒன்று அவருக்கும் ஊற்றி வைத்துவிட்டு. "ஆறிடப் போவுது. வாடா."